வழி கேட்டால் யந்திரம் என்ன சொல்லும்?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. பிரயாண விஷயத்தில் இவ்வாக்கு முற்றும் பொருந்தும். எந்த பஸ் எப்பொழுது வரும், எங்கே இறங்கி எதில் ஏறவேண்டும், கடைசி வண்டி போய்விட்டதா என்னும் வினாக்களுக்கு விடை காணச் சந்தியிலே தேநீர்க் கடை வைத்திருப்பவரையும், தரிப்பிடத்தில் நிற்கும் முதியவரையும், அறிமுகமான நடத்துநரையும் கேட்டே நாம் பழகியிருக்கிறோம். இப்பொழுது கேட்பதற்குப் புதியதோர் ஆள் வந்திருக்கிறது. கைத்தொலைபேசிக்குள் இருந்துகொண்டு, தமிழிலே கேட்டால் தமிழிலேயே மறுமொழி கூறும் செயற்கை நுண்ணறிவு யந்திரமே அது. அதன் சொல்லை நம்பி வீட்டை விட்டுப் புறப்படலாமா என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

பெரியமடுவில் வாழ்வோருக்கு இது பொழுதுபோக்கான வினா அன்று. மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் பிரதான வீதியை விட்டு, பள்ளமடுவிலிருந்து உட்புறமாகச் செல்லும் பாதையில் இருப்பது நம் ஊர். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் கிளினிக் நாள் குறிக்கப்பட்ட நோயாளி ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டால், அன்றைய தினத்தோடு அடுத்த தவணை வரையுள்ள நாட்களும் கைநழுவிப் போகின்றன. பரீட்சைக்குப் புறப்பட்ட மாணவிக்கோ ஓராண்டே போய்விடக் கூடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடும் பட்டினத்திலே வழி சொல்பவர் சற்றுத் தவறினாலும் பெருங்கேடில்லை. நாளொன்றுக்குச் சில பஸ்களே வரும் கிராமங்களில் ஒரு தவறான விடை ஒரு நாளையே விழுங்கிவிடும்.

முதலில் இந்த யந்திரத்தின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நன்று. மனிதர் எழுதி வைத்த எண்ணிறந்த எழுத்துக்களைப் பயின்று, ஒரு சொல்லுக்குப்பின் எந்தச் சொல் பொருந்தும் எனக் கணித்து வாக்கியம் அமைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பேச்சிலே அது வல்லது. ஆயினும், நாளைக் காலை எந்த பஸ் எத்தனை மணிக்கு எனக் கேட்டால், '6.45' என்று தயக்கமின்றிச் சொல்லிவிடவும் கூடும். அந்த 6.45 எங்கிருந்து வந்தது? எந்த அட்டவணையிலிருந்தும் வந்திராமல், பஸ் நேரம் என்றால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்ற அனுமானத்திலிருந்து வந்திருக்கலாம். தேநீர்க் கடைக்காரர் இவ்வாறு செய்யமாட்டார். அறியாததை, "தெரியாது தம்பி, இ.போ.ச. ஆட்களைக் கேட்டுப் பாரும்" என்று சொல்லிவிடுவார்.

இக்குறையை நீக்க அறிஞர்கள் கண்ட வழி எளியது. யந்திரம் தன் ஞாபகத்திலிருந்து பேசாமல், உரிய ஏட்டைத் திறந்து பார்த்துப் பேசவேண்டும். அவ்வாறு பிறிதொரு கருவியை ஏவிக் காரியம் முடிக்கும் யந்திரத்தை 'முகவர்' என்கின்றனர். "வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முன் மன்னார் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும்" என்று ஒருவர் சொன்னால், முகவர் அதனைக் கூறுகளாகப் பிரிக்கிறது. புறப்படும் இடம் எது, சேரும் இடம் எது, திகதி எது, எத்தனை மணிக்குள் சேரவேண்டும் என்று தெளிந்து, இவற்றைப் பிரயாணத் திட்டக் கருவியிடம் ஒப்படைக்கிறது. கணக்கு அக்கருவியின் வேலை. வந்த விடையை நமக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பது மட்டுமே முகவரின் வேலை. இவ்வாறு யந்திரங்களையும் கருவிகளையும் ஒரே முறையில் இணைப்பதற்கென எம்.ஸி.பி. எனப்படும் நெறிமுறையை அந்த்ரோபிக் என்னும் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

வழி காணும் கணக்கு நமக்கு முந்திய தலைமுறைக்கே உரியது. வலைபோல் விரிந்த பாதைகளில் மிகக் குறுகியதைக் கண்டறியும் முறையை ஒல்லாந்து தேசத்து அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1959 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். கணக்குத் தெரிந்திருந்தும், அதற்கு இட வேண்டிய பஸ் நேரங்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டுக் கிடந்தன. அமெரிக்காவின் போட்லண்ட் நகரப் போக்குவரத்து ஸ்தாபனத்தில் பணியாற்றிய பிபியானா மக்ஹியூ என்னும் பெண்மணி இக்குறையை உணர்ந்தார். வீதியில் கார் ஓட்டுபவர் வழி அறிவது இலகுவாயிருக்க, பஸ்ஸில் செல்பவர் வழி அறிவது ஏன் கடினமாயிருக்கவேண்டும் என்பது அவர் கேள்வி. அவருடைய ஸ்தாபனமும் கூகிள் நிறுவனமும் சேர்ந்து 2005 ஆம் ஆண்டில் ஒரு பொது வடிவத்தை ஏற்படுத்தின. ஜி.ரி.எவ்.எஸ். என்று வழங்கும் அவ்வடிவத்தையே இன்று உலகின் பல நாடுகள் கையாளுகின்றன.

பெயரைக் கேட்டு மாணவர்கள் மலைக்க வேண்டியதில்லை. பாடசாலை நேரசூசி எழுதத் தெரிந்தவர் எவரும் இதனை விளங்கிக்கொள்ளலாம். தரிப்பிடங்களின் பெயரும் அவை அமைந்த இடமும் ஓர் ஏடு. பாதைகள் மற்றோர் ஏடு. ஒவ்வொரு பயணமும் ஒவ்வொரு தரிப்பிடத்தை அடையும் நேரம் வேறோர் ஏடு. எந்தெந்த நாட்களில் அந்தப் பயணம் உண்டு என்பது இன்னோர் ஏடு. நள்ளிரவைத் தாண்டி ஓடும் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி என்று எழுதினால் எந்த நாளின் ஒன்றரை மணி என்ற மயக்கம் வரும் அன்றோ? ஆகவே அதை 25.30 என்றே எழுதுவார்கள். விசேஷ தினங்களைக் குறிக்கவும் இடமுண்டு. போயா தினம், ஆவணியில் வரும் மடுத் திருவிழா, திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரி, நோன்புப் பெருநாள் ஆகிய நாட்களில் வழமை மாறுவதை அறியாத அட்டவணை நம் மாவட்டத்துக்கு உதவாது.

பல வாகனங்களை இணைத்து ஒரே பிரயாணமாக்கும் எண்ணம் மன்னாருக்குப் புதிதென்று யாரும் கருதவேண்டாம். 1914 ஆம் ஆண்டு முதல், கொழும்பிலே வாங்கிய ஒரே சீட்டுடன் ஒருவர் சென்னை வரை செல்ல முடிந்தது. கொழும்பிலிருந்து தலைமன்னார் வரை புகையிரதம். அங்கிருந்து தனுஷ்கோடி வரை சுமார் 22 மைல் கப்பல். அதன்பின் மீண்டும் புகையிரதம். இரு தேசத்துப் புகையிரதப் பகுதியாரும் கப்பல் நடத்தியோரும் தத்தம் நேரங்களை ஒன்றோடொன்று பொருத்தி வைத்தமையாலேயே அது நடைபெற்றது. 1964 டிசம்பர்ச் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. 1990 இல் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்று, 2015 மார்ச்சிலேயே மறுபடி தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தது. இவ்வரலாற்றில் நமக்கொரு பாடம் உண்டு. வண்டிகளை இணைப்பதற்கு முன் அவற்றை நடத்துவோர் இணங்கவேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஏட்டிலே எழுதப்படாத பஸ் யந்திரத்தின் கண்ணுக்கு இல்லாத பஸ்ஸே. தினந்தோறும் புழுதி கிளப்பிக்கொண்டு வந்துபோகும் வண்டியானாலும், அது அட்டவணையில் இடம்பெறாவிட்டால் 'பெரியமடுவுக்குப் போக்குவரத்து இல்லை' என்ற விடையே கிடைக்கும். பெயரும் இடர் தரும். மடு என்ற சொல்லைக் கண்டவுடன் யந்திரம் மடு வீதிப் புகையிரத நிலையத்தையோ, மடு மாதா ஆலயத்தையோ, பள்ளமடுச் சந்தியையோ காட்டிவிடக் கூடும். ஊரின் பெயரும் அதன் இருப்பிடமும் திட்டமாகப் பதியப்பெற்றாலன்றி இம்மயக்கம் தீராது.

வேறொரு தொல்லையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது, பெரியமடுக் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. பெரும்பாலோர் தங்கிய புத்தளத்திலேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2009 இல் யுத்தம் ஓய்ந்தபின் திரும்பி வந்தோர்க்கும் அங்கே உற்றார் உறவினர் இருக்கின்றனர். நல்லது கெட்டதற்குப் போய்வராமல் தீராது. தூரத்தை மட்டும் அளக்கும் கருவி, புத்தளத்திலிருந்து வில்பத்து வனத்தினூடாகக் கரையோரமாய் மன்னாருக்கு ஒரு கோடு கிழித்துக் காட்டலாம். அப்பாதையோ நெடுங்காலம் வழக்குக்கும் வாதத்துக்கும் உட்பட்டது. அனுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுற்றி வருவதே பஸ் பிரயாணிகளின் வழக்கம். படத்தில் உள்ள கோடு வேறு, பஸ் ஓடும் பாதை வேறு என்பதை யந்திரத்துக்கு எடுத்துச் சொல்வது அட்டவணை ஒன்றே.

அட்டவணையே இல்லாத இடத்தில் என்ன செய்வது? கென்யாவின் தலைநகர் நைரோபியில் மட்டாட்டு என்னும் தனியார் சிறு பஸ்களே பெரும்பாலான மக்களைச் சுமக்கின்றன. அவற்றுக்கு எழுதப்பட்ட பாதைப் படமும் இருக்கவில்லை. நைரோபிப் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் சிலரும் கூடி, மாணவர்களை அவ்வண்டிகளில் ஏற்றி அனுப்பினர். மாணவர்கள் கையிலிருந்த தொலைபேசி கொண்டே தரிப்பிடங்களையும் பாதைகளையும் பதிந்தனர். ஏறத்தாழ 130 பாதைகள் இவ்வாறு திரட்டப்பெற்று 2014 இல் வெளியாயின. அயலிலுள்ள சென்னையிலோ அரசாங்கமே முன்வந்து, 2025 செப்டெம்பரில் 'சென்னை ஒன்று' என்னும் செயலியை ஏற்படுத்தி, மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றை ஒரே சீட்டில் இணைத்தது. முன்னது மாணவர் முயற்சி, பின்னது அரசாங்க முயற்சி. இரண்டுக்கும் அடிப்படை யார் பாதை எங்கே செல்கிறது என்பதை ஒழுங்காக எழுதி வைத்ததே.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. 2023 ஜனவரியில் அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையிலான புகையிரதப் பாதை திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் மூடப்பட்டது. மதவாச்சி அவ்விடைவெளியில் இருப்பதால் மன்னார்ப் பிரயாணிகளும் அதன் பயனை அனுபவித்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் வீதிகளையும் பாலங்களையும் பல இடங்களில் அறுத்துச் சென்றது. அத்தகைய நாட்களில் பழைய அட்டவணையைப் படித்துச் சொல்லும் முகவர், அட்டவணையே இல்லாத முகவரிலும் ஆபத்தானது. ஏனெனில் அதன் பேச்சில் ஆதாரத்தின் சாயல் இருக்கும். ஒவ்வோர் அட்டவணைக்கும் அது செல்லுபடியாகும் கடைசித் திகதி குறிக்கப்படுவது இதற்காகவே. வண்டி நிற்கும் இடத்தையும் தாமதத்தையும் உடனுக்குடன் அறிவிக்கும் தனி முறையும் உண்டு. ஆனால் அதற்கு வண்டிகளில் கருவி பொருத்தவேண்டும். அக்கருவி பழுதானால் பார்க்க ஆள் வேண்டும்.

ஆகவே வாசகர்கள், சிறப்பாக மாணவர்கள், இந்த யந்திரத்திடம் வழி கேட்கும்போது மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்டல் நலம். இந்நேரத்தை எந்த அட்டவணையில் பார்த்தாய்? அவ்வட்டவணை எந்தத் திகதி வரை செல்லும்? பஸ் வராவிட்டால் அடுத்த வழி என்ன? மூன்றுக்கும் விடை கூறுமாயின் அதன் சொல்லைக் கொண்டு புறப்படலாம். விடை இல்லையாயின் சந்திக் கடைக்காரரிடமே போகலாம். தான் பார்த்த ஏட்டில் இல்லாததைத் 'தெரியாது' என்று ஒப்புக்கொள்ளும் முகவரே நல்ல முகவர். அதனைச் செய்வோர் இக்குணத்தை முதலிலேயே அதற்குப் புகட்டவேண்டும்.

நம் பங்கும் ஒன்றுண்டு. இ.போ.ச. பஸ்களின் நேரம் சாலையில் இருக்கிறது; மாகாணங்களுக்கிடையே ஓடும் தனியார் பஸ்களின் நேரம் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இருக்கிறது; மாகாணத்துக்குள் ஓடுவன மாகாண அதிகார சபையின் பொறுப்பில் இருக்கின்றன. இம்மூன்றையும் ஒன்றுசேர்த்துப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்குமாறு கேட்பது பிரஜைகளின் உரிமை. அதுவரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் நால்வர், ஒரு கொப்பி, ஒரு கைத்தொலைபேசி, ஒரு மாத காலம் இருந்தால், பெரியமடுவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பஸ்ஸின் பாதையையும் தரிப்பிடத்தையும் உண்மையில் வந்த நேரத்தையும் எழுதிவிடலாம். சாரதிகளையும் நடத்துநர்களையும் கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். ஆனால் அவ்வேட்டை ஆண்டுதோறும் அடுத்த வகுப்பாரிடம் கையளித்துத் திருத்தி வரவேண்டும். தொடங்கிவிட்டுக் கைவிடுவதிலும் தொடங்காதிருப்பது மேல்.

கிளினிக் நாளில் விடியற்காலை எழுந்து, மருந்துச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இன்றைக்கு பஸ் உண்டா?" என்று கேட்கும் முதியவருக்கு, யந்திரமாயினும் மனிதராயினும் உண்மையான விடை ஒன்றைக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அவ்விடையை எழுதி வைக்கும் வேலையை இவ்வாண்டே தொடங்கலாம்.