ஆளைப் பாத்து ஆடு!

"பலகையைப் பாரு, எதிர்ல உக்காந்திருக்கிற ஆளைப் பாக்காதே." செஸ் கத்துக்கப் போனா பல பேர் சொல்ற அறிவுரை இது. இதுல பாதிதான் உண்மைங்கிறது என் கட்சி. மீதிப் பாதியை லால்குடியில அப்பாயி வீட்டுத் திண்ணையில, ஆடுபுலி ஆட்டத்துல தோத்துத் தோத்துக் கத்துக்கிட்டேன்.

ஆடாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமா 23 புள்ளி. 3 புலி, 15 ஆடு. எங்க வீட்ல புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஆட்டை ஒண்ணொண்ணா வைக்கணும், பதினஞ்சும் வச்சு முடிக்கிற வரைக்கும் எந்த ஆடும் நகரக் கூடாது. பக்கத்துல இருக்கிற ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கம் காலியா இருந்தா, புலி குதிச்சு வெட்டிடும். மூணு புலியையும் நகர விடாம அடைச்சிட்டா ஆட்டுக்காரர் ஜெயிச்சார். எத்தனை ஆடு போனா புலி ஜெயிச்சதுங்கிற கணக்கு மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

எங்க பெரியப்பா புலி ஆடினா, வெட்டக் கிடைச்ச ஆட்டை விடவே மாட்டார். அவர்கிட்ட ஒரு ஆட்டை ஓரத்துல தூக்கி வச்சாப் போதும். புலி பாய்ஞ்சு போய் மூலையில உக்காரும், பின்னாலயே வழியை அடைச்சிடலாம். ஒரு ஆடு நஷ்டம், ஒரு புலி லாபம். இந்த ஒரே வித்தையை வச்சு லீவு முழுக்க ஜெயிச்சேன். நான்தான் கில்லாடின்னு நினைப்பு :-)

அப்புறம் அப்பாயிகிட்ட உக்காந்தேன். கதை கந்தல். அப்பாயி இரையைத் தொடவே தொடாது. புலியைச் சும்மா இங்கேயும் அங்கேயும் ஒவ்வொரு புள்ளி நகர்த்திக்கிட்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. 15 ஆடும் 3 புலியும் சேர்ந்தா 18 புள்ளி நிறைஞ்சிடும், மிச்சம் 5 தான் காலி. இனிமே ஆடு நகர்ந்தே ஆகணும். நகர்ந்தா கட்டிவச்ச வரிசையில எங்கேயாவது ஓட்டை விழும். அப்பாயி காத்திருந்தது அந்த ஓட்டைக்குத்தான். அவசரக்காரரை ஜெயிச்ச ஆட்டம் பொறுமைசாலிகிட்ட எடுபடலை.

சரி, பெரிய இடத்துக்கு வருவோம். 2008-ல ஜெர்மனியில பான் நகரத்துல ஆனந்த் - கிராம்னிக் உலக சாம்பியன் போட்டி. கிராம்னிக் சுவர் மாதிரி. 2000-ல லண்டன்ல காஸ்பரோவை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விடாம பட்டத்தைப் பறிச்ச ஆள். ஆனந்த் காலங்காலமா பெரும்பாலும் ராஜாவுக்கு முன்னால இருக்கிற சிப்பாயை நகர்த்தித்தான் ஆரம்பிப்பார். பான்ல ராணிச் சிப்பாயைத் தள்ளினார். அதைவிட முக்கியம், கறுப்புக் காய்ல 3-வது, 5-வது ஆட்டங்கள்ல அடிதடியான நிலைக்கு இழுத்துட்டுப் போய் ரெண்டையும் ஜெயிச்சார். கடைசிக் கணக்கு 6.5 - 4.5. நல்ல ஆட்டம் எதுன்னு மட்டும் அவர் யோசிக்கலை, இந்த ஆளுக்கு எது பிடிக்காதுன்னும் யோசிச்சார்னுதான் எனக்குத் தோணுது.

நிஜப் போர்லயும் இது நடந்திருக்கு. 1942-ல லிவர்பூல்ல, கில்பர்ட் ராபர்ட்ஸ்ங்கிற கடற்படை அதிகாரி தரையில கட்டம் போட்டு, இளம்பெண்களை வச்சு நீர்மூழ்கிக் கப்பல் சண்டையை விளையாட்டா ஆடிப் பாத்தார். ஜெர்மன் கேப்டன் இடத்துல உக்காந்து யோசிச்சப்போதான், எதிரி வெளியில நின்னு சுடலை, கப்பல் கூட்டத்துக்கு உள்ளேயே நுழைஞ்சு சுடறான்னு பிடிபட்டது. அதுக்குத் தகுந்த மாதிரி பாதுகாப்புக் கப்பல்களோட தந்திரத்தையே மாத்தினாங்க.

இப்போ நம்ம தொழில். ரெண்டு வருஷம் முன்னாடி ஆடுபுலிக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். இந்த மாதிரி ஆட்டத்துக்கெல்லாம் வழக்கமான முறை ஒண்ணு இருக்கு: எதிராளி எப்பவும் தனக்கு மிகச் சிறந்த நகர்வைத்தான் ஆடுவான்னு வச்சுக்கிட்டுக் கணக்குப் போடறது. தப்பில்லாத முறை, ஆனா மனுஷங்களைத் தெரியாத முறை. பெரியப்பா மாதிரி ஆள் எதிர்ல இருந்தாலும் அது இரை வைக்காது, ஏன்னா 'புத்திசாலி இதைத் தொட மாட்டான்'. தோக்கப் போறோம்னு தெரிஞ்சிட்டா இன்னும் மோசம். எல்லா நகர்வும் அதுக்கு ஒண்ணுதான். எதுல எதிராளி தடுமாறுவான்னு யோசிக்கத் தெரியாம ஏதோ ஒண்ணை ஆடிட்டுச் செத்துப்போகும்.

நிற்க. ஆளைப் பாத்து ஆடறதுலயும் ஒரு குழி இருக்கு. 'இவர் இப்படித்தான்'னு முடிவு பண்ணிட்டா, அதுக்கப்புறம் நாம ஆடறது நம்ம மனசுல இருக்கிற படத்தோடதான், எதிர்ல இருக்கிற ஆளோட இல்லை. 2013-ல சென்னையில ஆனந்த் தோத்தது கார்ல்சன்கிட்ட. அவரை எந்தப் படத்துல அடைக்கிறது? தொடக்கத்துல எதுவும் இல்லாத மாதிரி ஆடி, நீண்ட கடைசிக் கட்டத்துல 5-வது, 6-வது ஆட்டங்களை வரிசையா எடுத்தார்.

அந்தக் குழியில நானும் விழுந்தேன். போன பொங்கலுக்கு லால்குடி போயிருந்தேன். அப்பாயிக்கு கண் ஆபரேஷன் ஆகி சில மாசம் ஆகியிருந்தது. ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேக்குது, என் பேருக்குப் பதிலா சித்தப்பா பேரைச் சொல்லுது. சரி, பாவம், ஜெயிக்கட்டும்னு ஆட்டை வேணும்னே புலி வாய்ல வச்சேன். முதல் ஆட்டைத் தொடலை. ரெண்டாவதையும் தொடலை. மூணாவதுக்குக் கையால புளியங்கொட்டையை எல்லாம் ஒண்ணாக் கூட்டி டப்பாவுல போட்டு மூடிடுச்சு.

"ஏன்டா தம்பி, நான் செத்தா போயிட்டேன்? விட்டுக்குடுக்கறதுக்கு எதுக்கு என்னோட உக்கார்ற?"

பதில் சொல்ல முடியலை. பேரு மறந்தா ஆட்டமும் மறந்திருக்கும்னு நானாப் போட்ட கணக்கு அது. அந்த வீட்ல எல்லாரும் அப்பாயியைப் பாத்துப் பாத்துப் பேசறாங்க, சரி சரின்னு தலையாட்டறாங்க. ஒரு புலியாவது தன்னை நிஜமா எதிர்க்கணும்னு அது எதிர்பாத்திருக்கு. அது எனக்குத்தான் தெரியலை.

மறுநாள் காலையில ஒழுங்கா ஆடினேன். முப்பது நிமிஷம் ஆச்சு. தோத்தேன், நிஜமாவே :-)

அதனால என் கட்சி இதுதான்: ஆளைப் பாத்துதான் ஆடணும். ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசாப் பாக்கணும்.

டிஸ்கி: பெரியப்பா இன்னும் அந்த ஓரத்து ஆட்டைத் தின்னுக்கிட்டுதான் இருக்கார். தயவுசெஞ்சு யாரும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.