மூன்று உத்தரவுகள், மூன்று "ஆனால்"

தோழர்களே, காலனியச் சட்டத்தை எதிர்த்த வரலாறு என்றால் நமக்கு ரௌலட் சட்டத்தையும் உப்புச் சட்டத்தையும்தான் சொல்லித் தருகிறார்கள். அதற்கு நூறாண்டுக்கு முன்பே நாஞ்சில் நாட்டு நாடார் பெண்கள் மார்பை மறைத்துச் சட்டத்தை மீறினார்கள். அந்தத் தோள்சீலைப் போராட்டத்தைச் சொன்ன பாடத்தை 2019இல் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது.

"திருவிதாங்கூர் மன்னர் ஒடுக்கினார், வெள்ளைக்காரன் உரிமை கொடுத்தான்" என்று சுருக்கிச் சொல்பவர்களும் உண்டு. இதை நாம் ஏற்கவில்லை. 1805 உடன்படிக்கைக்குப் பிறகு அந்த அரசு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கப்பம் கட்டியது. பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கண்பார்வையில்தான் ஆட்சி நடந்தது.

உத்தரவுகளைப் பாருங்கள். 1814: கிறித்தவரான பெண்கள் குப்பாயம் போடலாம், ஆனால் நாயர் பெண்களைப் போல மேல்துண்டு அணியக் கூடாது. 1829: அதே தடை மீண்டும் உறுதியானது. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் பெண்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. மதராஸ் கவர்னர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு 1859 ஜூலை 26இல் வந்த அறிவிப்பும் என்ன சொன்னது? எல்லா நாடார் பெண்களும் உடலை மறைக்கலாம்; ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது.

வெள்ளையர் ஆட்சி கொடுத்தது இந்த அளவுதான். துணியை அனுமதித்தது, சாதி வரிசையைக் காப்பாற்றியது. அந்த வரிசையின் அடியில் நின்ற புலையர், பறையர் பெண்களுக்கு அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் சமூகம் சட்டப்படி அடிமைத்தளையிலிருந்து விடுபட்டே அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் புலையர் பெண்கள் கல்மாலையை அறுத்தெறிய வேண்டியிருந்தது.

2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இரண்டு முதல்வர்கள் இந்தப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினார்கள். மகிழ்ச்சி. ஆனால் வெள்ளையர் காலத்து 144 தடை உத்தரவு, 2024 ஜூலை முதல் 163 என்று எண் மாறி, இன்றும் உயிரோடு இருக்கிறது. இமானுவேல் சேகரன் நினைவு நாள் நெருங்கினால் ராமநாதபுரம் மாவட்டத்தில் அது வந்து நிற்கிறது.

ஊர்வலத்துக்கு அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் "அனுமதி கிடைத்துவிட்டது" என்று பதிவு போட அவசரப்படாதீர்கள். நிபந்தனைகளை முதலில் படியுங்கள். எந்தத் தெரு விலக்கப்பட்டிருக்கிறது, யாருக்காக விலக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். நம் போராட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.