குற்றம் யாருடையது, செலவு யாருடையது?

அகளிக்குச் சென்றவர்கள் அந்தச் சாலையை மறந்திருக்க மாட்டார்கள். மன்னார்க்காட்டிலிருந்து முக்காலிக்கு மலையேறி, அகளியைக் கடந்து, ஆனைகட்டியில் தமிழ்நாட்டைத் தொட்டுக் கோவைக்குச் செல்லும் சாலை. இரு மாநில எண்பலகை மாட்டிய வண்டிகளும் அங்கே ஒன்றுக்கொன்று ஒதுங்கி ஒதுங்கிச் செல்லும். ஒதுங்காத நாளும் உண்டு.

அப்படியொரு நாளில் நான் ஜீப்பில் இருந்தேன். நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம், எதிரே ஒரு கார் இறங்கி வந்தது. வளைவில் உரசல். யாருக்கும் காயமில்லை. ஜீப்பின் முன்விளக்கும் காரின் பம்பரும் போயின. “ஏம்ப்பா, கண்ணு தெரியலையா உனக்கு?” என்றார் காரிலிருந்து இறங்கியவர். “ஏறி வர்ற வண்டிக்குத்தானுங்க சார் வழி விடணும்” என்றார் எங்கள் ஓட்டுநர். கூட்டம் கூடியது. கூட்டத்துக்குச் சட்டைதானே முதற்சாட்சி! கால்மணி நேரத்தில் எங்கள் ஓட்டுநர் அன்றைய வசூலிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தார்.

அவர் சொன்னதுதான் சட்டம். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதலிடம் என்று 2017ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. 1989ஆம் ஆண்டு விதிகளும் அதையே கூறின. ஆயினும் குற்றம் முழுவதும் ஒருவர் தலையில்தான் விழவேண்டும் என்பதில்லை. 1842இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. முன்கால் கட்டிய கழுதையைச் சாலையில் மேயவிட்டிருந்தான் ஒருவன். வேகமாக வந்த வண்டி அதை அடித்துக் கொன்றது. கழுதைக்காரன் செய்ததும் தவறே. எனினும் விபத்தைத் தவிர்க்கும் கடைசி வாய்ப்பு வண்டிக்காரனிடம் இருந்தது என்று கூறி, இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். பிற்காலச் சட்டம் இன்னும் நுட்பமாகி, இருவர் கவனக்குறைவையும் விழுக்காடு போட்டுப் பிரிக்கக் கற்றுக்கொண்டது. இத்தனை நுட்பத்தையும் கொண்டைஊசி வளைவில், ஆரன் ஒலிக்கு நடுவே, கால்மணி நேரத்தில் தீர்த்துவிட முடியுமா?

“அதற்குத்தானே இன்ஷூரன்ஸ்?” என்பீர்கள். இங்கேதான் என் வழக்கே தொடங்குகிறது. பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு இல்லாமல் நம் நாட்டில் வண்டி ஓட்டக்கூடாது. ஆனால் அந்தக் காப்பீட்டிலிருந்து பணம் பெற, வழக்கமாக மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும். உடைந்த விளக்குக்காக எவர் வழக்கறிஞர் வைப்பார்? ஆகவே, குற்றமற்றவரும் தம் சொந்தக் காப்பீட்டையே நாடுகிறார். நாடினால் கிடைப்பதென்ன? ஆறாயிரம் ரூபாய் பிளாஸ்டிக் பம்பர் என்று கொள்வோம். தேய்மானம் என்று பாதி போகும். சிறிய காருக்குக் கட்டாயக் கழிவு ஆயிரம். கைக்கு வருவது இரண்டாயிரம். (தேய்மானம் பாராத திட்டமும் உண்டு, கூடுதல் கட்டணம் கொடுத்தால்.) ஐந்தாண்டு கோரிக்கையின்றி ஓட்டிச் சேர்த்த 50 விழுக்காட்டுச் சலுகையோ அடுத்த ஆண்டே பறிபோகும். சொந்தச் சேதப் பகுதிக்குப் பத்தாயிரம் கட்டணம் என்றால், அந்தச் சலுகையின் மதிப்பு ஐந்தாயிரம். பிறர் செய்த தவற்றுக்கு இவர் மூவாயிரம் தண்டம் கட்டுகிறார்! கட்டாயக் காப்பீடு மட்டும் வைத்திருக்கும் ஏழை ஓட்டுநருக்கு அந்த இரண்டாயிரமும் இல்லை.

இது மாறவேண்டும் என்பதே என் கருத்து. பிரான்சில் இரு ஓட்டுநரும் ஒரே படிவத்தை நிரப்பி, படம் வரைந்து, கையொப்பமிடுகிறார்கள். அவரவர் காப்பீட்டு நிறுவனம் அவரவர்க்குக் கொடுத்துவிட்டு, பின்னர் தமக்குள் கணக்குப் பார்த்துக்கொள்கிறது. நம் நிறுவனங்களால் ஆகாதா? சிறு சேதங்களைத் தமக்குள் தீர்க்கட்டும். குற்றமற்றவரின் சலுகையில் கை வைக்காதிருக்கட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. வண்டிகளை நகர்த்துமுன் படம் எடுங்கள். சக்கரம் நின்ற இடமும் சாலையின் ஓரமும் தெரியட்டும். எண், உரிமம், காப்பீட்டுச் சீட்டு இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். “அடி பட்டதா?” என்று கேட்பது மனிதத்தன்மை, “தவறு என்னுடையது, நான் தருகிறேன்” என்று வாக்களிப்பது வேறு. நிறுவனத்தின் எழுத்து இசைவின்றி அவ்வாறு வாக்களிக்கக் கூடாது என்பது காப்பீட்டுச் சீட்டிலேயே உள்ள நிபந்தனை. பிறர் உடைமைக்குச் சேதம் நேர்ந்தாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 134ஆம் பிரிவு.

எல்லையோரத்தார் ஒன்றை அறிந்திருத்தல் நலம். விபத்து கேரளத்தில் நடந்தால் பாலக்காட்டுக்கு அலையவேண்டும் என்று அஞ்சியே பலர் பணத்தை விட்டுவிடுகிறார்கள். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தக் கட்டாயம் இல்லை. கோவையில் வாழ்பவர் கோவையிலேயே மனுச் செய்யலாம். அகளிக்காரர் தம் மாவட்டத்திலேயே செய்யலாம், மோதல் ஆனைகட்டிக்கு அப்பால் நடந்திருந்தாலும்.