தண்ணீர் குடிக்காத பன்னிரண்டு மணி நேரம்

பூந்தமல்லியில் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறி, எட்டரைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார்டு பஞ்ச் பண்ணும் ஒரு திருநங்கையைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பேரெல்லாம் வேண்டாம். மாலை ஐந்தரைக்கு ஷிப்டு முடியும். கூட்டத்தில் இடிபட்டு வீடு வந்து சேர ஏழாகி விடும். ஆக மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். சித்திரை மாத வெயிலில் இந்தப் பன்னிரண்டு மணி நேரமும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறார் என்றால் நம்ப முடிகிறதா? தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். பாத்ரூம் போனால் காலையில் அரை மணி நேரம் செலவழித்துச் செய்த ஏற்பாடு அத்தனையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் தாகத்தை அடக்குவதே சுலபம்!

அந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் டக்கிங் என்று பெயர். தமிழில் தனிச்சொல் இல்லை. அறுவை சிகிச்சை செய்து கொள்ளாத திருநங்கைகள், முன்பக்கம் மேடு தெரியாமல் இருக்க ஆணுறுப்பைப் பின்னால் மடக்கி, விரைகளை மேலே ஒதுக்கி, இறுக்கமான உள்ளாடையாலோ டேப்பாலோ பிடித்து வைப்பது. கூச்சமான சமாச்சாரம்தான். ஆனால் மூலம், பௌத்திரம் என்று பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க போஸ்டர் ஒட்டும் ஊரில் இதற்கு மட்டும் என்ன புதுக் கூச்சம் என்று தெரியவில்லை.

"சேலை கட்டினால் ஒன்றும் தெரியாதே, எதற்கு இந்த அவஸ்தை?" என்று சிலர் கேட்பார்கள். பாவாடையும் சேலையுமாக இருந்த தலைமுறைக்கு அது சரி. கம்பெனி யூனிபார்ம் பேன்ட்டும் லெக்கிங்ஸும் போட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது பதில் ஆகாது. பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே பயணம் செய்வது என்னவென்று அனுபவிப்பவருக்குத்தான் தெரியும். அதையும் தாண்டி, கண்ணாடி முன்னால் நிற்கும்போது தன் உடம்பு தனக்கே சரியாகத் தெரிய வேண்டும் என்பது யாருக்கும் உள்ள ஆசைதானே. டக்கிங் செய்தே தீர வேண்டும் என்று ஒன்றுமில்லை, செய்யாத திருநங்கைகளும் உண்டு. செய்கிறவர் காயமில்லாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

காயமில்லாமல் செய்வது எப்படி? விரைகள் கருவில் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் ஒரு பாதை வழியாகக் கீழே இறங்கி வந்தவை. அந்தப் பாதையின் வாய் அடிவயிற்றின் இருபுறமும், தொடை ஆரம்பிக்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது. படுத்துக் கொண்டு, உடம்பைத் தளர விட்டு, விரலால் மெல்லத் தள்ளினால் சிலருக்கு விரைகள் அதற்குள் போய் உட்கார்ந்து கொள்ளும். எல்லோருக்கும் போகாது. போகவில்லை என்றால் விட்டுவிட வேண்டும், முட்டித் தள்ளக் கூடாது. வலி என்பது நிறுத்தச் சொல்லும் சிக்னல். குடலிறக்கம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

பிடித்து வைக்க என்ன உபயோகிப்பது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பார்சல் ஒட்டும் பிரவுன் டேப், எலெக்ட்ரீஷியனின் இன்சுலேஷன் டேப் இதெல்லாம் தோலுக்குச் செய்தவை அல்ல. உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். டேப்தான் வேண்டுமென்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் காகித டேப் போதும். ஒட்டும் இடத்தில் முடியை ட்ரிம் செய்துவிட்டு (பிளேடு வைத்தால் கீறல், கீறலில் வியர்வை, எரிச்சல்), நுனியில் ஒரு துண்டு காஸ் துணி வைத்து, அதன் மேல் ஒட்ட வேண்டும். புண் இருந்தால் அன்றைக்கு டேப் இல்லை. கழற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தோ, தேங்காய் எண்ணெய் தடவியோ மெதுவாக எடுக்கலாம். ஒட்டுவதற்கு முன் எண்ணெய் தடவினால் டேப் நிற்காது என்பது தனி விஷயம்.

டேப்பை விட நல்லது துணி. நம்மூர்க் கோவணம் இருக்கிறதே, பயில்வான்கள் கட்டும் லங்கோடு, அதே யோசனைதான். வெளிநாடுகளில் கேஃப் என்ற பெயரில் விற்கும் உள்ளாடையும் கிட்டத்தட்ட அதுவே. தையல் தெரிந்தவர் பருத்தித் துணியும் எலாஸ்டிக்கும் வாங்கி வீட்டிலேயே தைத்துவிடலாம். பாத்ரூமில் சட்டென்று இறக்கி ஏற்றலாம், துவைத்து வெயிலில் காய வைக்கலாம். பையில் ஒன்று மாற்றுக்கு வைத்திருந்தால் மத்தியானம் வியர்வையில் நனைந்ததை மாற்றிக் கொள்ளலாம். இரவு தூங்கும்போது எதுவும் கட்டக் கூடாது. லீவு நாளில் உடம்புக்கும் லீவு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சிக்காகத்தான், உடம்புச் சூட்டை விட அங்கே இரண்டு மூன்று டிகிரி குறைவு. நாள் முழுக்க மேலே ஏற்றி வைத்தால் விந்தணு பாதிக்கப்படும். பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசி விடுவது நல்லது.

இப்போது தோல். சென்னையின் புழுக்கத்தில், இறுக்கிக் கட்டிய தொடையிடுக்கில் படர்தாமரை வராமல் இருந்தால்தான் அதிசயம். வந்தவுடன் என்ன நடக்கும்? டாக்டரிடம் காட்ட வெட்கம். நேராக மெடிக்கல் ஷாப். "அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க." பல சமயம் கிடைப்பது ஸ்டீராய்டு கலந்த கிரீம். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை அடங்காது, உள்ளே நிம்மதியாக வளரும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், தோலும் மெலிந்து வரிவரியாகிவிடும். இது திருநங்கைகளின் பிரச்சினை மட்டுமல்ல, நாடு முழுக்க இதே கதை. சாதாரண பூஞ்சை மாத்திரைக்கு அசையாத டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்ற வகைக்கு 2020-ல் பெயர் வைத்தபோது, அந்தப் பெயரிலேயே இந்தியா ஏறிக்கொண்டது. 2018-லேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. சட்டம் ஒரு பக்கம், கவுண்ட்டர் ஒரு பக்கம்!

அதே ட்யூப்தான் பலருக்கு முகத்துக்கும் போகிறது. தாடி முடியை இடுக்கியால் பிடுங்கிப் பிடுங்கி, முடி உள்ளேயே சுருண்டு வளர்ந்து கருப்புப் புள்ளி வந்திருக்கும். அதை மறைக்க வெள்ளையாக்கும் கிரீம், அதற்குள்ளும் ஸ்டீராய்டு. பிறகு வெயிலில் நின்றாலே முகம் சிவந்து எரியும். புது பிளேடு, வெதுவெதுப்பான தண்ணீர், முடி வளரும் திசையில் ஷேவ்... இதுவே பாதி வேலையை முடித்துவிடும். காசு சேர்த்து லேசர் போகிறவர்கள், கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர்தான் பாதுகாப்பு என்பதைக் கேட்டுத் தெரிந்து கொண்டு போகட்டும். ஏதோ ஒரு மெஷினில் தோலைச் சுட்டுக் கொள்ள வேண்டாம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சேர்ந்தால் நீர்க்கடுப்பு நிச்சயம், கிருமி மேலேறினால் சிறுநீரகம் வரை போகும். இந்த இடத்தில் "பத்திரமாக டக் செய்யுங்கள்" என்று அறிவுரை சொல்லி என்ன பிரயோஜனம்? தாழ்ப்பாள் உள்ள, யாரும் முறைக்காத ஒரு கழிப்பறை இருந்தால் அவர் தண்ணீர் குடிக்கப் போகிறார். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தவருக்குத் தனிக் கழிப்பறையும் மருத்துவமனையில் சிகிச்சையும் தரச் சொன்னது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 18-வது பிரிவு குடிதண்ணீர், 19-வது பிரிவு கழிப்பறை. அடுத்தடுத்துதான் எழுதி வைத்தார்கள், ஆனால் ஆண், பெண் இருவருக்கு மட்டும். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கழிப்பறை விஷயத்தில் திருநர் தொழிலாளர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். தொழிற்பேட்டையில் உள்ள கம்பெனிகள் இதைப் படித்துவிட்டு ஒரு தாழ்ப்பாளாவது மாட்ட வேண்டும்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் அல்ல. 2008-ல் இந்தியாவிலேயே முதலாவதாக நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை என்று அறிவித்தது. தாயம்மாவிடம் மயக்க மருந்தில்லாமல் நிர்வாணம் செய்து கொண்டு உயிரை விட்ட காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய விஷயம். ஆனால் ஆபரேஷன் என்பது வாழ்க்கையில் ஒரு நாள். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதே, அந்த நாட்களுக்கு வாரியம் தமிழில் ஒரு பக்க நோட்டீஸ் அடித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைக்கலாம். செலவு காகிதக் காசுதான்.

அந்த நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட வேண்டியது ஒன்று உண்டு. திடீரென்று விரையில் தாங்க முடியாத வலி, வீக்கம், குமட்டல் என்றால் விரை முறுக்கிக் கொண்டிருக்கலாம். கட்டியதை உடனே அவிழ்த்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் சரி செய்யாவிட்டால் விரையைக் காப்பாற்றுவது கஷ்டம். ஷிப்டு முடியட்டும் என்று காத்திருக்கும் வலி அல்ல அது. மரத்துப் போனாலோ நிறம் மாறினாலோகூட அவிழ்த்துவிட வேண்டும்.

அவசரமில்லாத சந்தேகங்களுக்கு, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பாலின வழிகாட்டுதல் கிளினிக் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு ஒரே மின்சார ரயில். போகிற அன்றைக்கு டேப் ஒட்டாமல், தளர்வான சுடிதாரில், கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு போகலாம். ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருக்க நேரமாகும்.