காத்திருக்க வைப்பதும் குற்றமே

விளையாட்டில் வெல்வது திறமை. பிறரும் மகிழ்ச்சியோடு விளையாட இடங்கொடுப்பது பண்பு. இவ்விரண்டில் எது பெரிது என்று கேட்டால், பண்பே பெரிது என்பேன். இதற்குச் சான்றாக, நம்மில் பலர் கண்டிராத 'கர்லிங்' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்காட்லாந்து நாட்டில் உறைந்த ஏரிகளின்மீது 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆடப்பட்டது இவ்வாட்டம். இன்று கனடாவில்தான் இதை ஆடுவோர் மிகுதி. 1998-ஆம் ஆண்டு நாகானோ ஒலிம்பிக் முதல் ஆடவர், மகளிர் இரு பிரிவுகளிலும் பதக்கம் வழங்கப்படுகிறது. அணிக்கு நால்வர், ஒருவருக்கு இரண்டு கற்கள். கைப்பிடி பொருத்திய, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கல்லைப் பனித்தளத்தில் வழுக்கிச் செல்ல விடவேண்டும். தோழியர் இருவர் கல்லுக்கு முன்னே துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே செல்வர். எதிர்க்கோடியில் வரைந்துள்ள வட்டத்தின் நடுவுக்கு எவர் கல் அருகில் நிற்கிறதோ, அவருக்கே புள்ளி.

சங்கங்களில் பொழுதுபோக்காக ஆடும்போது நடுவர் இருப்பதில்லை. ஓடும் கல்லின்மீது துடைப்பமோ காலோ பட்டுவிட்டால், பட்டவரே முன்வந்து சொல்லிவிடுவார். புள்ளிகளை இரு அணித் துணைத்தலைவர்களும் பார்த்து ஒப்புக்கொள்வர். எதிரணியின் தவறுக்குக் கைதட்டுவது இழிவு. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எல்லாரும் கைகுலுக்குவர். முடிந்தபின் வென்றவர் தோற்றவருக்குப் பானம் வாங்கித் தருவதும் உண்டு. எத்துணை அழகிய மரபு!

இத்தனை பண்பும் இருந்தும், ஒன்றை மட்டும் பலர் பண்பாகவே எண்ணுவதில்லை. அதுதான் ஆட்டத்தின் வேகம். "பொழுதுபோக்குக்குத்தானே ஆடுகிறோம், அவசரம் எதற்கு?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 16 கற்கள். கல்லுக்கு அரை நிமிடம் வீணானால் சுற்றுக்கு 8 நிமிடம். எட்டுச் சுற்றுக்கு 64 நிமிடம்! ஆட்டம் முழுவதற்குமே ஏறத்தாழ இரண்டு மணி நேரந்தான் ஆகும்.

பல சங்கங்களில் ஆட்டத்துக்கு நேர வரையறை உண்டு. மணி அடித்தபின் புதிய சுற்றைத் தொடங்கலாகாது. அப்படியானால், முன்னணியில் இருக்கும் அணி மெத்தனமாக ஆடினால் என்ன ஆகும்? பின்தங்கிய அணி ஈடுகட்ட வேண்டிய கடைசிச் சுற்று கிடைக்காமலே போகும். கல்லைக் கையால் நகர்த்துவது ஏமாற்று என்றால், தெரிந்தே நேரத்தைக் கடத்துவதும் ஏமாற்றே. இதைத் தண்டிக்க அங்கே நடுவர் இல்லை. மனச்சாட்சி மட்டுமே உண்டு.

விரைவு என்றால் பதறுவதன்று. கல்லைக் குறிபார்த்து விடும் நேரத்தைக் குறைக்கவே வேண்டாம். எதிரணியினர் ஆடும்போது ஓரமாக, அசையாமல் நிற்க வேண்டும். அவர்கள் கல்லை விட்டவுடன் அடுத்து ஆடுபவர் தம் கல்லைத் துடைத்து ஆயத்தமாகலாம். அணித்தலைவி அதற்குள்ளேயே அடுத்த முடிவைச் சிந்தித்து வைக்கலாம். தேய்த்து முடித்தவர்கள் பேசிக்கொண்டு நடுவே நடவாமல், ஓரமாகத் திரும்பி வரலாம். இவ்வளவுதான், அரை நிமிடம் தானே மிச்சமாகும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. புதிதாகக் கற்பவர் தடுமாறுவதால் வரும் தாமதம் வேறு. அரட்டையால் வரும் தாமதம் வேறு. முன்னதைப் புன்முறுவலோடு பொறுத்துக்கொள்ள வேண்டும். அவரை விரட்டுவது, காத்திருக்க வைப்பதைவிடப் பெரிய பிழை. பின்னதை நாமே திருத்திக்கொள்ள வேண்டும்.

தோழியரே, நம் ஊரில் பனித்தளம் இல்லை. ஆனால் நமக்காகக் காத்திருப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பிறர் பொருளைத் தொட அஞ்சும் நாம், பிறர் நேரத்தை எடுக்கவும் அஞ்சுவோமாக!