நாய்க்குட்டிக்கு நீச்சல்

"நாய்க்கு நீச்சல் கற்பிக்கவும் வேண்டுமோ? தூக்கி நீரிற் போட்டால் தானே நீந்திக் கரையேறும்" என்று கூறுவார் நம்மிடையே பலர் உளர். பாடசாலை விடுமுறை வந்ததும், வீட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கும் கடலுக்கும் ஓடும் சிறுவர்களும் இக்கூற்றை நம்பியே ஓடுகின்றனர். இதில் உண்மை பாதியே உண்டு. மற்றப் பாதியை அறியாமையாற் குட்டிகள் உயிரிழத்தலும் உண்டு. ஆதலின் இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நீரில் விடப்பட்ட நாய், ஓடுவதுபோலக் கால்களை அசைக்கும். இவ்வசைவு பிறவியில் அமைந்தது. இதுவே அந்தப் பாதி உண்மை. ஆனால் காலை அசைத்தல் வேறு, களைக்காமல் மிதத்தல் வேறு, கரையை அறிந்து ஏறுதல் வேறு. பழக்கமில்லாத குட்டி அச்சத்தினால் முன்னங்கால்களை நீருக்கு மேலே தூக்கி அடிக்கும். அப்பொழுது பின்னுடல் தாழ்ந்து, உடல் செங்குத்தாகிவிடும். அந்நிலையில் எவ்வளவு அடித்தும் அது முன்னே செல்லாது; விரைவிற் களைத்துப்போகும்.

உடலமைப்பும் நோக்கத்தக்கது. லாப்ரடோர் இனத்தின் முன்னோர், கனடாவைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்க்கு உதவியாக நீரில் உழைத்தவை. பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டு வளர்ந்த இவ்வினம், 1903 ஆம் ஆண்டில் அங்குள்ள கெனல் கழகத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நீர் எளிதில் உட்புகாத அடர்ந்த மயிரும், சுக்கான் போன்ற தடித்த வாலும் அதற்கு வாய்த்துள்ளன. இதற்கு மாறாக, கனத்த தலையும் குட்டை மூக்குமுடைய புல்டோக், பக் முதலியனவும், நீண்ட உடலும் குறுங்கால்களுமுடைய டாஷ்ஹண்டும் நீரில் எளிதில் தத்தளிப்பவை. நம் ஊர்நாய்களிற் சில விரும்பி நீரில் இறங்கும். சில வாழ்நாள் முழுவதும் இறங்கா. இறங்க மறுப்பதை வற்புறுத்துதல் முறையன்று.

எவ்வயதிற் தொடங்கலாம் என்பது அடுத்த வினா. குட்டிக்குரிய தடுப்பூசிகள் முடிவதற்குப் பெரும்பாலும் 16 வாரங்கள் செல்லும். அதற்கு முன் பொதுக் குளம், வாய்க்கால்களுக்குக் கொண்டுசெல்லலாகாது. எலிக்காய்ச்சற் கிருமி எலி முதலியவற்றின் சிறுநீர் வழியே வயல்நீரிலும் தேங்கிய நீரிலும் சேர்கின்றது. 2008 ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையிற் பெருமளவிற் பரவியது. இது மனிதரைப் போலவே நாயையும் பற்றும். நாயிடமிருந்து வீட்டாருக்குத் தொற்றவும் கூடும். இதற்குரிய ஊசியைப் பற்றி மிருக வைத்தியரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

அதுவரை வீட்டு வளவே போதும். அகன்ற தொட்டியொன்றில், குட்டியின் முழங்கால் அளவுக்கு மட்டும், வெயிலிற் சற்றுச் சூடேறிய நீரை விடுக. வழுக்காதபடி அடியிற் பழைய சாக்கொன்றை விரித்து, அதன் விளையாட்டுப் பொருளை உள்ளே இடுக. தானாக இறங்கி, தானாக ஏறி விளையாடும் குட்டிக்கு நீர் நட்புப் பொருளாகும். மூழ்கிப் பயந்த குட்டியோ, பின்னர் நீரைக் கண்டாலே வாலை மடக்கி ஓடும்.

"ஆழம் அறியாமற் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. அது நாயின் காலுக்கும் பொருந்தும். அலையின்றி, அடித்தரை தெரிய, சிறிது சிறிதாகச் சரிந்து செல்லும் மணற்கரையே தகுந்த இடம். காரைநகரின் கசூரினாக் கடற்கரையும், மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவும் ஆழமின்மைக்குப் பெயர்பெற்றவை. ஆயினும் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடலை நம்பலாகாது. பச்சைப் பாசி படர்ந்து நாறும் நீரில் நாய்க்கு நஞ்சாகும் நுண்ணுயிர்கள் இருத்தல் கூடும். முதலைகள் வாழும் குளங்களையும் களப்புகளையும் ஆறுகளையும் அறவே தவிர்க்க வேண்டும். நாய் அவற்றுக்கு எளிய இரை. கோயிற் கேணிகளிலும், மக்கள் குடிநீர் அள்ளும் இடங்களிலும் நாயை இறக்குதல் பண்பாகாது.

இனிக் கற்பிக்கும் முறைக்கு வருவோம். உணவுண்டு ஒரு மணி நேரமாவது சென்றிருத்தல் வேண்டும். கழுத்துப்பட்டியிற் கயிறு கட்டினால், இழுக்கும்பொழுது குரல்வளை நெரியும். மார்புப் பட்டி அணிவித்துக் கட்டுதலே நலம். முதுகிற் கைப்பிடியுள்ள, நாய்களுக்கான உயிர்காப்பு அங்கி கிடைக்குமாயின் இன்னும் நல்லது. முதலிற் பெரியவர் ஒருவர் நீரில் இறங்கி நின்று, இனிய குரலால் அழைக்க வேண்டும். கால் தரையில் ஊன்றும் ஆழத்திற் சில நாள் நடக்கவிட்டு, பின்னரே ஓரடி ஆழமான இடத்துக்கு அழைக்கலாம்.

கால் தரையை விட்டு எழுந்தவுடன், ஒரு கையை வயிற்றின் கீழ்க் கொடுத்துப் பின்னுடலைத் தாங்குக. உடல் கிடையாக நிற்க, நான்கு கால்களும் நீருக்குள் ஒழுங்காக அசையத் தொடங்கும். அசைவு சீரான பின்னர் கையைச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. எப்பொழுதும் கரையை நோக்கியே நீந்த விடுதல் வேண்டும். முதல் நாட்களில் இரண்டு மூன்று நிமிடமே போதும். நடுக்கம் கண்டாலோ, மூக்கு நீரிற் தாழ்ந்தாலோ உடனே கரையேற்றுக.

கரையேறிய பின் நன்னீரால் உப்பையும் மணலையும் கழுவி, துவாயாற் துடைத்து, காதுகளின் உட்புறத்தையும் மெல்ல உலர்த்துதல் வேண்டும். ஈரம் தங்கிய காதிற் புண் தோன்றும். குடிப்பதற்கு நல்ல நீரை உடன்கொண்டு செல்லுங்கள். தாகத்தாற் கடல்நீரைக் குடித்த நாய்க்கு வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். நீந்தி வந்த குட்டி விடாது இருமினாலோ, மூச்சுவிட வருந்தினாலோ, அது சில மணி நேரங் கழித்து நேர்ந்தாலும், தாமதியாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இவை அனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. நாய்க்கு நீந்தக் கற்பிப்பதை விட, வெளியேறக் கற்பிப்பதே உயிர்காப்பது. நீச்சற் குளத்தில் விழும் நாய், படி எங்குள்ளதென்று அறியாமையால், வழுக்குஞ் சுவரையே பிறாண்டிக் களைத்து மூழ்குகின்றது. ஆகவே படியுள்ள இடமாயின், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கத்திலிருந்து அழைத்து, அதே படியால் ஏறப் பழக்குக. படியே இல்லாத கிணற்றிலோ எந்நீச்சலும் நெடுநேரம் உதவாது. கட்டில்லாத தோட்டக் கிணறுகள் வடபகுதியில் இன்றும் உள்ளன. குட்டி வளர்ப்போர் முதலில் அக்கிணற்றை அடைத்து வேலியிடுதல் கடமையாகும். தவறி விழுந்துவிடின், கடகத்தையோ பலகையையோ கயிற்றிற் கட்டி இறக்கினால், ஆள் வரும்வரை முன்னங்கால்களை ஊன்றிக்கொள்ள அது இடமாகும்.

மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு சொல். நாய் நீரிற் தத்தளிக்கக் கண்டு, பின்னே குதித்தல் அன்பின் செயலெனத் தோன்றும். ஆனால் அச்சமுற்ற நாய், காப்பாற்ற வருபவர் மீதே ஏறிப் பிறாண்டி அவரையும் அமிழ்த்தும். ஆதலாற் பெரியவர் உடனின்றிக் குட்டியை நீருக்குக் கொண்டுசெல்லாதீர்கள். இடர் நேரின் உரக்கக் கூவி ஆளை அழையுங்கள். கயிறோ தடியோ நீட்டுங்கள். நீங்கள் கரையிலேயே நில்லுங்கள். குட்டி உங்கள் குரலைக் கேட்டுக் கரைக்கு வரப் பழகியிருக்குமாயின், அக்குரலே அதற்குப் பெருந்துணையாகும். அக்குரலை நம்புமாறு அதனைப் பழக்குவதே நாம் இங்கு கூறிய நீச்சற் பாடத்தின் முதற்படி.