சிவகாமியின் நல்ல மனசு

மனசு சுத்தமாக இருந்தால் தலைவன் நாயகன், மனசில் விஷம் இருந்தால் வில்லன். ராஜா ராணிக் கதை என்றாலே நாம் கையில் எடுக்கும் அளவுகோல் இதுதான். இது தப்பான அளவுகோல். ரசனையோடு போய்விட்டால் பரவாயில்லை. ஊரை ஆள்பவர்களையும் இதை வைத்தே அளக்கிறோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

‘பாகுபலி’ முதல் பாகத்தின் தெலுங்குப் பாடல் வெளியீட்டு விழா 2015 ஜூனில் திருப்பதியில் நடந்தது. அதைச் சுற்றித் தெலுங்கும் தமிழும் சேர்ந்து புழங்கும் சித்தூர், புத்தூர், நகரிப் பக்கம் யாரைக் கேட்டாலும் கதையின் வில்லன் பல்வாள்தேவன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பாகுபலியைக் கொல்லச் சொன்னது யார்? அவனை வளர்த்த தாய், மகிழ்மதியின் அரசி சிவகாமி.

2017-இல் வந்த இரண்டாம் பாகத்தை நிதானமாக இன்னொரு தடவை பாருங்கள். சிவகாமிக்குப் பதவி ஆசை கிடையாது. பெற்ற பிள்ளையான பல்வாள்தேவனை விட்டு வளர்த்த பிள்ளைக்கு அரியணையைக் கொடுக்கத் துணிந்தவள் அவள். அப்பேர்ப்பட்டவள்தான், பாகுபலி விரும்பும் தேவசேனையின் சம்மதத்தைக் கேட்காமலே அவளைப் பல்வாள்தேவனுக்குக் கட்டிவைப்பதாக வாக்குக் கொடுத்துவிடுகிறாள். கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறக் கௌரவம் விடவில்லை. அங்கே விழுந்த முடிச்சுதான். அரியணை கைமாறுகிறது, மகனும் மருமகளும் அரண்மனையை விட்டு வெளியேற்றப்படுகிறார்கள், கடைசியில் கட்டப்பாவின் கைக்கு வாள் போகிறது. மகன் சதி செய்கிறான் என்று காதில் ஓதினார்கள், நம்பினாள். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சொன்னால் அது சட்டம். அரியணைக்கு அடிமையான கட்டப்பாவால் மறுக்க முடியாது.

இதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் சபைக் காட்சியில் நாமும் மாட்டிக்கொள்கிறோம். கோயிலில் பெண்கள் மேல் கை வைத்த சேதுபதியின் விரல்களைத் தேவசேனை வெட்டிவிடுகிறாள். சங்கிலியோடு அவளைச் சபையில் நிறுத்துகிறார்கள். பாகுபலி வருகிறான், நடந்ததை அவள் வாயால் கேட்கிறான், அங்கேயே சேதுபதியின் தலையைச் சீவுகிறான். கொட்டகை அதிர்கிறது. அந்த அயோக்கியன் தண்டனைக்கு உரியவன், சந்தேகமில்லை. ஆனாலும், ‘நல்லவன் கோபப்பட்டால் விசாரணை எதற்கு’ என்று அந்தக் காட்சியில் நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். ஒப்புக்கொண்ட பிறகு, நல்லவளான சிவகாமி அதே வழியில் பாகுபலியின் தலைக்கே ஆணையிடும்போது எந்த நியாயத்தைக் காட்டித் தடுப்போம்?

“அப்படியானால் பல்வாள்தேவனும் சிவகாமியும் ஒன்றா?” என்று கேட்பார்கள். ஒன்றல்ல. பல்வாள்தேவனைக் கண்டு ஊர் உஷாராக இருக்கிறது. சிவகாமியைப் பார்த்து யாரும் உஷாராக இல்லை. கெட்டவனால் தனியாகச் செய்ய முடியாததை அவளை வைத்துச் சாதித்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். அவள்மேல் ஊர் வைத்திருந்த நம்பிக்கைதான் சதிகாரர்களுக்கு ஆயுதம்.

நம் இளங்கோவுக்கு இது தெரிந்திருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ ஓர் உயிரையும் ஒரு நகரத்தையும் கொண்டுபோனது. ஆனால் ஒற்றைச் சிலம்போடு ஒரு பெண் வந்து நின்றபோது வாயிற்கதவு திறந்தது. அவள் சிலம்பை உடைத்துக் காட்டினாள், மாணிக்கம் தெறித்தது, அரசன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு உயிர்விட்டான். அவன் மனசுக்காக அவனை நான் மதிக்கவில்லை. அவனிடம் கேள்வி கேட்க ஒரு வழி இருந்தது, கேட்டதும் அவன் சாட்சியத்துக்குக் கட்டுப்பட்டான், அதற்காக மதிக்கிறேன். அந்த வழி ஒரு நாள் முன்னால் கோவலனுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

திருப்பதியிலேயே இதைவிடக் கூர்மையான கதை ஒன்று வருஷா வருஷம் தெருவில் நடக்கிறது. பெண்களைச் சீரழித்த பாளையக்காரன் கங்கம்மாவுக்குப் பயந்து ஒளிந்துகொண்டானாம். அம்மன் நாளுக்கொரு வேஷம் போட்டுத் தேடினாளாம். துரை வேஷத்தில் வந்தபோதுதான் அவன் வெளியே வந்தான், தலை உருண்டது. கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் புடவை கட்டி வேஷம் போட்டு நினைவூட்டுவது அந்தத் தேடலைத்தான். ஆள்பவன் எங்கே ஒளிந்தாலும் ஊர் அவனை வெளியே இழுக்கும் என்று சொல்லும் கதை இது. இந்த உரிமையைக் கெட்ட பாளையக்காரனுக்கு மட்டும் ஏன் ஒதுக்கிவைத்தோம்?

திரையில் நல்லவர்களாக வந்தவர்களைத் திருப்பதி சட்டமன்றத்துக்கே அனுப்பியிருக்கிறது: 1983-இல் என்.டி.ராமராவ், 2009-இல் சிரஞ்சீவி. சென்னைக்கும் இது பழக்கம்தான். அவர்கள் நல்லவர்களா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் “நீங்கள் தப்பு செய்தால் உங்களை யார் தடுப்பார்கள், எப்படித் தடுப்பார்கள்?” என்று கேட்கிற பழக்கம் நமக்கு வரவேண்டும். அதற்குக் கதை எழுதுகிறவர்களும் கை கொடுக்கலாம். நல்ல அரசி ஆணையிடும்போது, கட்டப்பா “முதலில் விசாரியுங்கள், தாயே” என்று சொல்லிவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடிகிற ஒரு மகிழ்மதியை எழுதுங்கள்.